அந்த இருவரும் என்ன சொன்னார்கள்?

யுத்தத் திரைப்படங்களின் முதற் காட்சி குறித்து ஒரு மறுப்பு

அண்மையில் பதுளையில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில், சினிமா பற்றிப் பேச வந்த நண்பர் இப்படிச் சொன்னார்: "யுத்தப் படத்தில் அரசியலைத் தேடாதீர்கள். முதல் இருபது நிமிடத்தைப் பாருங்கள், போதும். தொழில்நுட்பத்துக்குக் கட்சி கிடையாது." சபை கைதட்டியது. நானும் தட்டினேன். அதை ஒப்புக்கொண்டுதான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. வீடு திரும்பும் பஸ்ஸில் அந்த வசனம் உறுத்தத் தொடங்கியது. அன்றைக்கே எழுந்து கேட்டிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நண்பர் உதாரணம் காட்டியது ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998). 1944 ஜூன் 6ஆம் திகதி அமெரிக்கப் படைகள் பிரான்ஸின் ஒமாஹா கடற்கரையில் இறங்கியதைக் காட்டும் அந்தக் காட்சி ஏறத்தாழ 24 நிமிடம் ஓடுகிறது. அதன் பிறகு வந்த யுத்தப் படங்களில் கணிசமானவை அதற்குக் கடன்பட்டவை. அந்தக் காட்சியின் வேலைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வேலைத்திறன் என்றால் என்னவென்று பிரித்துப் பார்க்காமல் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே பிரித்துப் பார்ப்போம்.

சாதாரணமாகச் சினிமாக் கமராவின் ஷட்டர் 180 பாகை திறந்திருக்கும். செக்கனுக்கு 24 பிரேம் ஓடுகையில், ஒவ்வொரு பிரேமிலும் செக்கனின் 48இல் ஒரு பங்கு நேரம் ஒளி விழும். ஓடுகிற மனிதனின் கை அந்த நேரத்துக்குள் சற்று நகர்ந்துவிடுவதால் மங்கலாகப் பதியும். அந்த மங்கல்தான் கண்ணுக்கு அசைவை வழவழப்பாக்குகிறது. ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி ஷட்டரை 90 பாகைக்கும் 45 பாகைக்கும் ஒடுக்கினார். மங்கல் போயிற்று. வெடித்துச் சிதறும் மண் துகள்துகளாகத் தெரிகிறது. மனிதர்கள் வெட்டி வெட்டி ஓடுகிறார்கள். லென்ஸின் மேற்பூச்சை நீக்கினார்கள், நிறத்தை வடித்தார்கள். கமராவைத் தோளில் சுமந்து சிப்பாயின் உயரத்திலேயே ஓடினார்கள். கடற்கரை முழுவதையும் மேலிருந்து காட்டி, இது கிழக்கு, இது மேற்கு என்று எமக்கு விளங்கவைக்கும் அகன்ற காட்சி ஆரம்பத்தில் கிடையாது. எங்கிருந்து சூடு வருகிறது என்று சிப்பாய்க்குத் தெரியாது, எமக்கும் தெரியாது.

ஒலி இன்னும் நுட்பமானது. சண்டை நடக்கும் அந்த நிமிடங்களில் பின்னணி இசை இல்லை. கமரா தண்ணீருக்குள் அமிழ்ந்தால் ஓலம் அடங்கிப்போகிறது. மேலே வந்தால் மீண்டும் அறைகிறது. டொம் ஹேங்ஸ் நடித்த கப்டன் மில்லருக்குக் குண்டுச் சத்தத்தில் காது அடைக்கிறது. அதே கணத்தில் எமக்கும் அடைக்கிறது. எதிரே வாய்கள் அசைகின்றன, வார்த்தை வரவில்லை. ஒரு மனிதனின் காதைக் கழற்றி எமது தலையில் பொருத்தியிருக்கிறார்கள். ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ரொம் இந்தப் படத்துக்காக ஒஸ்கார் பெற்றது நியாயமானதே.

இங்கேதான் என் கேள்வி. யாருடைய காது? மேட்டிலிருந்து சுடும் ஜெர்மானியருக்கு இந்தக் காட்சியில் காது இல்லை, முகமும் ஏறக்குறைய இல்லை. முதுகாகவும் கரிய உருவமாகவும் இயந்திரத் துப்பாக்கியின் பின்னால் நிற்கிறார்கள். ஜெர்மானிய நாசிகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஒரு மனிதனின் காதை எமக்குத் தருவதும் இன்னொருவனை முதுகாக மட்டும் காட்டுவதும் எடுக்கப்பட்ட முடிவுகள் என்றுதான் சொல்கிறேன். முடிவு எடுக்கப்பட்ட இடத்தில் கட்சியும் இருக்கிறது.

சென்ற வருடம் எமது பாடசாலைக்கு ஒரு புரொஜெக்டர் கிடைத்தது. உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை படிக்கும் பதினொரு பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் தோட்டத்துப் பிள்ளைகள். லயத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். இரத்தம் மிகுந்த பகுதிகளைத் தவிர்த்து, அந்தக் காட்சியின் கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். அமெரிக்கர்கள் மேட்டைப் பிடித்துவிட்டார்கள். பதுங்குகுழியிலிருந்து இருவர் கையை உயர்த்திக்கொண்டு வருகிறார்கள், ஏதோ சொல்கிறார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் அவர்களைச் சுட்டுவிடுகிறார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு சிப்பாய் கேட்க, சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டேன் பார் என்று சொன்னதாக மற்றவன் பகிடி விடுகிறான். பையன்கள் சிலர் சிரித்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தியது.

"சேர், அந்த ரெண்டு பேரும் என்னா சொன்னாங்க?"

"ஜெர்மன் பாஷை. உயிர்ப்பிச்சை கேட்கிறார்கள் போலிருக்கு."

"மத்தவங்க பேசினதுக்கெல்லாம் கீழ எழுத்து வந்திச்சே சேர். இவங்களுக்கு ஏன் போடல?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் பிடிக்க இரண்டு கிழமை எடுத்தது. அந்த இருவர் பேசியது ஜெர்மன் மொழியே இல்லை, செக் மொழி. "சுட வேண்டாம், நான் ஜெர்மன்காரன் இல்லை, செக், நான் யாரையும் கொல்லவில்லை" என்பதுதான் அதன் சாரம். ஜெர்மனி ஆக்கிரமித்த நாடுகளிலிருந்து பலவந்தமாகப் பிடித்துவரப்பட்ட பலர் நோர்மண்டிக் கரையோரப் படையணிகளில் இருந்தார்கள் என்பது சரித்திரம். ஆக, உலகமே வியந்த அந்த 24 நிமிடத்துக்குள், தான் யார் என்று சொல்ல முயன்று, சொன்னது விளங்காமற் போனதால் செத்த இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். கோடிக்கணக்கானோர் அதைக் கடந்து போனார்கள். பல தடவை பார்த்த நானும் கடந்து போனேன்.

நண்பர் இதற்கு மறுமொழி சொல்லக்கூடும்: "மொழிபெயர்க்காமல் விட்டதுதான் நேர்மை. சிப்பாய்க்கு விளங்காதது பார்வையாளனுக்கும் விளங்கக் கூடாது." ஏற்றுக்கொள்கிறேன். அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. சுட்டவனின் அறியாமையை எமக்குள் புகுத்துவது என்று இயக்குநர் முடிவெடுத்திருக்கிறார். அதன் மூலம் எங்களையும் குற்றத்தில் கூட்டாளியாக்க அவர் விரும்பியிருக்கலாம். ஆனால் செக் மொழி தெரிந்தவனைத் தவிர வேறு எவனுக்கும் தான் கூட்டாளியானது தெரியாது. விளங்காத குற்றத்துக்கு வெட்கப்பட யாரால் முடியும்?

அதே படத்தின் தொடக்கத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒரு முதியவர் யுத்த மயானத்துக்கு வருகிறார். கமரா அவரது கண்களை மெல்ல நெருங்குகிறது, அங்கிருந்து வெட்டு, ஒமாஹா கடற்கரை. சினிமா இலக்கணப்படி இதன் பொருள், இது இவருடைய ஞாபகம் என்பதே. படம் முடியும்போதுதான் அவர் ரயன் என்று தெரிகிறது. ரயன் பரசூட் படையணியைச் சேர்ந்தவன். அவன் ஒமாஹாவில் இறங்கவேயில்லை. காணாத ஒன்றுக்கு அந்தக் கண்கள் சாட்சி சொல்லியிருக்கின்றன. ஒரேயொரு வெட்டு அதைச் செய்துவிட்டது. கட்சியில்லாத தொழில்நுட்பம் செய்கிற காரியமா இது?

இதில் எனக்கு ஏன் இத்தனை உஷ்ணம் என்று வாசகர் கேட்கலாம். சொல்கிறேன்.

2001ஆம் ஆண்டு. நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து நானும் உடன் பயின்ற நண்பனும் ஒரே பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். வழியில் ஒரு சோதனைச்சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். எனது அடையாள அட்டையின் பெயரை வாசித்த சிப்பாய் என்னைப் பஸ்ஸில் ஏறச் சொன்னான். நண்பனின் அட்டையைப் பார்த்ததும் கேள்விகள் தொடங்கின. அவனுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். பயத்தில் அதுவும் வரவில்லை. "கலாசாலை, கலாசாலை" என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தச் சொல் சிப்பாய்க்கு விளங்கவில்லை.

வாப்பாவின் கடையில் வளர்ந்த எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. 'இவரும் என்னோடு படிக்கும் ஆசிரியர்தான்' என்று சொல்ல ஒரு நிமிடம்கூடப் பிடித்திருக்காது. நண்பன் என்னைப் பார்த்தான். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் பயம். பஸ் புறப்பட்டது.

ஒன்பதாம் நாள் அவன் கலாசாலைக்கு வந்து சேர்ந்தான். விடுதி வாசலில் என்னைக் கண்டு, "சாப்பிட்டியா மச்சான்?" என்று கேட்டான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. இன்று அவன் ஒரு பாடசாலையின் அதிபர். இந்த ஏட்டை வாசிக்கிறவன். இதையும் வாசிப்பான்.

பின்வாங்குப் பிள்ளை கேட்ட கேள்வி எனக்கு எங்கே தைத்தது என்று இப்போது விளங்கும். கீழே எழுத்துப் போடாதவன் நான்தான்.

இனி எங்கள் யுத்தத்தைக் காட்டிய படங்களுக்கு வருவோம். அவற்றின் முதற் காட்சிகளை இதே கேள்வியோடு பார்க்கலாம்.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) மங்களமாகத் தொடங்குகிறது. மாங்குளத்தில் ஒரு கல்யாணம். நந்திதா தாஸின் ஷியாமா, ஜே.டி. சக்கரவர்த்தியின் திலீபன். யுத்தப் படத்தைக் கல்யாணத்தில் தொடங்குவது தேர்ந்த உத்தி. பார்வையாளர் முதலில் விருந்தாளியாக்கப்படுகிறார். பிறகு இராணுவம் வருகிறது என்ற செய்தி வரும்போது அந்த ஓட்டம் அவருடைய ஓட்டமும் ஆகிறது. பிரிவு, படகு, இராமேஸ்வரம், அகதி முகாமில் பிள்ளைப்பேறு. அடுத்து நாம் சென்னையில் இருக்கிறோம். பிள்ளைக்கு ஒன்பது வயதாகப் போகிறது. இவ்வளவையும் இறுக்கிக் கோத்த படத்தொகுப்பாளர் ஸ்ரீகர் பிரசாத்துக்கு இப்படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

அந்த இறுக்கத்தில் நழுவிப்போனது என்ன? நடிகர்களின் ஈழத்துப் பேச்சு பிசகியதைப் பற்றி எம்மவர் போதியளவு சிரித்தாயிற்று. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. வன்னியின் யுத்தம் ஒரு சென்னைப் பிள்ளையின் பிறப்புக் கதையாகச் சுருங்கிப்போவதுதான் குறை. ஓடச் செய்த இராணுவத்துக்கு அங்கே முகமோ பெயரோ இல்லை. பிற்பகுதியில் பிரகாஷ்ராஜ் நடித்த ஒரு நல்ல சிங்கள வைத்தியர் வருகிறார். எமக்குச் சிரமமில்லாமல் தமிழ் பேசுகிறார். எமது மொழி பேசினால் நல்லவர் என்ற கணக்கைச் சிங்களப் படங்கள் எம்மீது போட்டபோது நாம் கோபித்தோமே. அதே கணக்குத்தானே இதுவும்?

அசோக ஹந்தகமவின் 'மே மகே சந்தை' (2000) நேர் எதிரான வழியில் போகிறது. போர்முனைப் பதுங்குகுழி. ஒரு சிங்களச் சிப்பாய். அதற்குள் வந்து சேர்கிறாள் ஒரு தமிழ்ப் பெண். துப்பாக்கி முனையில் உயிர்ப்பயத்தில் அவள் தன் உடையை உயர்த்துகிறாள். அவன் அவளை வல்லுறவுக்கு உட்படுத்துகிறான். நடுக்கமில்லாத கமரா, அசையாத சட்டகம், அருகிய பேச்சு. ஒமாஹாவில் கமரா எம்மை ஓட வைத்தது. இங்கே ஓடவிடாமல் இருத்திவைத்துப் பார்க்கச் செய்கிறது. யுத்தத்துக்கு ஆதரவாக ஊடகங்கள் இரைந்த ஒரு காலத்தில் சிங்களக் கலைஞரொருவர் இப்படி ஆரம்பிக்கத் துணிந்தது சாதாரணமானதல்ல. ஆயினும் அந்தப் பெண் பேசுவதேயில்லை என்னும் அளவுக்கு மௌனியாக இருக்கிறாள். சிப்பாயின் கிராமம்வரை அவனைப் பின்தொடர்கிறாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று அறிய எமக்கு ஒரு சொல்லும் கிடைப்பதில்லை. இந்த மௌனத்தைக் குறியீடென்று புகழ்ந்து எழுதியவற்றை வாசித்திருக்கிறேன். மௌனம் குறியீடாவது பேசத் தெரிந்தவர்களின் மத்தியில்தான். எமது தோட்டத்துப் பெண்ணொருத்தி பொலிஸ் நிலையத்தில் வாய் திறக்காமல் நிற்பது குறியீடு இல்லை. அவள் பேசுவது அங்கே எவருக்கும் விளங்காது என்பதால் நிற்கிறாள்.

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) எனக்கு நெருக்கமான படம். அதில் போர்முனை இல்லை. துப்பாக்கிச் சத்தம் இல்லை. வரண்ட பிரதேசத்துக் கிராமமொன்றுக்கு, திறக்கக் கூடாதென்று மூடி முத்திரையிட்ட பிரேதப் பெட்டி வருகிறது. உள்ளே இராணுவத்துக்குப் போன மகன் என்கிறார்கள். தகப்பன் வன்னிஹாமி பார்வையற்றவர். ஜோ அபேவிக்ரம நடித்தார். கண் தெரியாதவரை நடுவில் வைத்தவுடன் படத்தின் தொழில்நுட்பம் முழுவதும் மாறிவிடுகிறது. அவர் தொட்டறிந்துதான் நம்புவார், கேட்டறிந்துதான் நடப்பார். எனவே படமும் மெதுவாக நடக்கிறது. மகன் செத்ததை அவர் ஏற்பதில்லை. நட்டஈட்டுப் பத்திரத்தில் கைவைக்க மறுக்கிறார். முடிவில் பெட்டியைத் தோண்டினால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். இத்தனை அமைதியான படத்தைத்தான் 2000ஆம் ஆண்டில் திரையிடவிடாமல் தடுத்தார்கள். 2001இல் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அது வெளியே வந்தது. அதிரும் சத்தத்துக்கு அஞ்சாத அதிகாரம் ஒரு மூடிய பெட்டிக்கு அஞ்சியது. எமது ஊவாவின் சிங்களக் கிராமங்களுக்கும் அத்தகைய பெட்டிகள் வந்தன. வாப்பாவின் கடைக்கு வந்துபோன ஒரு பெரியவரின் வீட்டுக்கும் வந்தது. வாப்பா கடையைப் பூட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து இரண்டு நாள் பேசவில்லை. யுத்தம் எமது மலைக்கு வந்த விதம் அது.

எமது சமூகத்தவருக்கும் ஒரு வார்த்தை. விதானகேயின் 'இர மதியம' (2003) மூன்று கதைகளைப் பின்னிச் செல்கிறது. அதிலொன்று வடபுலத்து முஸ்லிம்களின் வெளியேற்றம். தன் நாயை விட்டுவிட்டுப் போக நேர்கிற அரபாத் என்ற சிறுவன் வழியாக அது சொல்லப்படுகிறது. 1990 ஒக்டோபரில் நடந்த அநீதியைத் திரைக்குக் கொண்டுவந்ததற்காக நாம் நன்றி பாராட்டினோம். தவறில்லை. ஆனால் 'எங்களைக் காட்டினார்கள்' என்பதோடு எமது விமர்சனம் நின்றுவிடுகிறது. எப்படிக் காட்டினார்கள், எத்தனை நேரம், யாருக்கு அருகிலிருந்து, யார் பேச யார் கேட்க என்று நாம் எழுதினோமா? தலைகளை எண்ணுவது வாக்கெடுப்புக்குச் சரி. சினிமாவுக்கு அது காணாது.

கடைசியாக, எடுக்கப்படாத ஒரு படத்தைப் பற்றி. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. அங்கே 40 பேரளவில் தமிழ் இளைஞர்கள் தடுத்துவைக்கப்பட்டிருந்தார்கள்; சிலர் சிறுவர்கள். அவர்களில் 25க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டோடு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பால் எல்லோரும் விடுதலையானார்கள்.

எமது மாவட்டத்தில் யுத்தம் நடக்கவில்லை என்று இன்றும் சொல்கிறவர்களைக் காண்கிறேன். சரி, பிந்துனுவெவவில் ஒரு படம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கமராவை எங்கே வைப்பீர்கள்? கும்பலுக்குள் வைத்தால், கூச்சலெல்லாம் சிங்களப் பார்வையாளனுக்கு விளங்கும். உள்ளேயிருந்து வரும் தமிழ் வெறும் அலறலாகக் கேட்கும். மண்டபத்துக்குள் வைத்தால், தமிழ்ப் பார்வையாளனுக்கு உள்ளிருப்பவர்களின் பெயர் தெரியும்; வெளியே இருப்பது முகமில்லாத இரைச்சலாகிவிடும். பொலிஸாரின் வரிசையில் வைத்தால் இரண்டும் கேட்கும், இரண்டும் விளங்கும், கையில் துப்பாக்கியும் இருக்கும். நானாக இருந்தால் அங்கேதான் வைப்பேன். இரு மொழியும் விளங்கியும் சும்மா நின்றவனின் காதைத்தான் பார்வையாளர் தலையில் பொருத்துவேன். அந்தக் காதை எனக்குத் தெரியும்.

தொழில்நுட்பத்துக்குக் கட்சி கிடையாது என்ற நண்பருக்கு இதுதான் என் பதில். எந்தப் பாகையில் ஷட்டர், எந்த உயரத்தில் கமரா, எந்தக் காதில் ஒலிவாங்கி, யாருடைய பேச்சுக்குக் கீழே எழுத்து என்று தீர்மானித்தால் முதற் காட்சியிலேயே பாதி அரசியல் முடிந்துவிடுகிறது. மீதியைத்தான் கதை பேசுகிறது. எமது சிற்றேடுகளின் விமர்சகர்களோ ஒன்றில் கதையைச் சுருக்கி எழுதுகிறார்கள், அல்லது 'ஒளிப்பதிவு அற்புதம்' என்று ஒரு வரி எழுதி முடிக்கிறார்கள். இனிமேல் யுத்தப் படமொன்றைப் பற்றி எழுதுகிறவர்கள், முதல் பத்து நிமிடத்தில் பேசுகிறவர்கள் யார், பேச்சு மொழிபெயர்க்கப்படாதவர்கள் யார் என்று ஒரு தாளில் குறித்துவிட்டு எழுத உட்காருங்கள். பெரிய கோட்பாடெல்லாம் தேவையில்லை.

என் வகுப்பில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்க்கிறோம். அடுத்து திரையை மூடிவிட்டுக் கேட்கிறோம். மூன்றாம் முறை முழுவதையும். அந்த இருவரும் செக் மொழியில் என்ன சொன்னார்கள் என்பதைப் பலகையில் தமிழில் எழுதிப் போட்டேன். சிரித்த பையன்களில் ஒருவன் எழுந்து, அந்தக் காட்சியை மீண்டும் ஒரு தடவை போடச் சொன்னான். போட்டேன்.